கருக்கலைப்பு: ஏற்காவிட்டாலும் கதவைச் சாத்தாதீர்கள்



இந்த மாதம் கருக்கலைப்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் எங்கள் வானொலித் தம்பி ஒருவர், "அக்கா, சனம் ரேடியோவை நிப்பாட்டிப் போடும்" என்றார். கோபிப்பதென்றால் கடைசிவரை கேட்டுவிட்டுக் கோபியுங்கள்.

லெ பிளாங்-மெனிலில் பிரெஞ்சு தெரியாத எங்கள் பெண்களுடன் மொழிபெயர்ப்புக்காக வைத்தியரிடம் போய் வருகிறவள் நான். ஒருமுறை இரண்டு பிள்ளைகளின் தாயொருவர் வந்தார். கணவருக்கு வேலை இல்லை, மூத்த பிள்ளைக்குத் தீராத வருத்தம். இன்னொரு பிள்ளையைத் தாங்க முடியாது என்று முடிவெடுத்திருந்தார். சிகிச்சையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "அக்கா, லாச்சப்பலில் ஒருத்தருக்கும் தெரிய வராதே?" என்றுதான் கேட்டார். அந்தப் பயத்திலேயே மூன்று கிழமை போய்விட்டது.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பிரான்சில் கருத்தரித்து 14 கிழமை முடியும்வரை, பெண் கேட்டால் கருக்கலைப்புச் செய்யலாம். ஆரம்பக் கிழமைகளில் மாத்திரையே போதும். செலவு முழுவதையும் மருத்துவக் காப்புறுதி ஏற்கும். கணவரின் கையெழுத்துத் தேவையில்லை. வைத்தியரும் மருத்துவிச்சியும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள்.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. வதிவிட அட்டைக்காக நாங்கள் வரிசையில் நின்ற அதே பொபினியில்தான், 1972இல் மரி கிளேர் என்ற பிள்ளை நீதிமன்றம் ஏறினாள். வல்லுறவால் கருவுற்றபோது அவளுக்கு வயது 16. கருவைக் கலைத்ததற்காக வழக்கு. காட்டிக் கொடுத்தவன் அவளைக் கெடுத்தவனே. மெட்ரோவில் வேலை செய்து தனியாகப் பிள்ளைகளை வளர்த்த தாய்மீதும் வழக்கு நடந்தது. வசதியானவர்கள் வெளிநாடு போய் வருகிறார்கள், ஏழைகளே கூண்டில் நிற்கிறார்கள் என்று வழக்கறிஞர் ஜிசேல் ஹலிமி வாதாடினார். பிள்ளை விடுதலையானாள். 1975 ஜனவரியில் சட்டம் வந்தது. 2024 மார்ச்சில் அந்தச் சுதந்திரம் அரசியலமைப்பிலும் எழுதப்பட்டது.

"உயிரல்லவா, பாவமல்லவா?" என்பீர்கள். நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். இதைச் சின்ன விடயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தடை போட்டால் நின்றுவிடுமா? இலங்கையில் 1883ஆம் ஆண்டுச் சட்டம், தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே இதை அனுமதிக்கிறது. அதனால் ஊரில் கருக்கலைப்பு இல்லாமலா போனது? பப்பாசிக்காய், அன்னாசி என்ற கிசுகிசுப்பும், இரத்தம் போய் ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் எங்கள் தாய்மாருக்குத் தெரியும். தடை கருவைக் காக்கவில்லை, பெண்ணை இருட்டுக்குள் தள்ளியது.

"போரில் இத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்த இனம் நாங்கள், நாங்களே அழிப்பதா?" என்று ஒரு ஐயா கேட்டார். இந்தக் கேள்வி எனக்கும் வலிக்கும். ஆனால் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் சிமோன் வெய் யார்? எங்கள் பக்கத்து ஊரான திரான்சி முகாமிலிருந்து 1944இல் அவுஷ்விற்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்ட யூதப் பெண். தாயையும் தகப்பனையும் அண்ணனையும் இழந்தவர். இன அழிப்பை நேரில் கண்டவரே முடிவைப் பெண்ணிடம் விட்டார். இழப்பின் கணக்கை ஒரு பெண்ணின் வயிற்றில் நேர்செய்யக் கேட்பது நியாயமில்லை என்பதே என் எண்ணமும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. முடிவு பெண்ணுடையது என்றால், பிள்ளை வேண்டும் என்பவளை "கலை" என்று கணவரோ மாமியாரோ வற்புறுத்தவும் முடியாது. சம்மதமில்லாமல் செய்வது இங்கே குற்றம். மனச்சாட்சிக்கு ஒவ்வாத வைத்தியரும் மறுக்கலாம், ஆனால் வேறு இடத்தைக் காட்டிவிட வேண்டும்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று. 18 வயதாகாத பிள்ளையும், தான் நம்பும் வயதுவந்த ஒருவருடன், உங்களுக்குத் தெரியாமலே போகலாம். சட்டம் இடம் தருகிறது. இதைக் கேட்டுப் பதறாதீர்கள். அந்த ஒருவராக அம்மாவோ அப்பாவோ இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. "என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்" என்று இன்றிரவே சொல்லிவையுங்கள்.

0 800 08 11 11 என்ற இலவச இலக்கத்தில் பெயர் சொல்லாமலே விபரம் கேட்கலாம். இந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், கேட்கக் கூச்சப்படும் ஒருத்திக்கு உதவும்.