வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஒரு பொருளைப் பயன்படுத்துவதற்கு அதனை உடைமையாகக் கொண்டிருத்தல் வேண்டும் என்பதில்லை. திருமண வீட்டார் பந்தலையும் நாற்காலிகளையும் பெரிய பாத்திரங்களையும் விலை கொடுத்து வாங்குவதில்லை. இரண்டு நாள் வாடகைக்கு எடுக்கின்றனர். முன்னாளில் சிறுவர் பலர் மணிக்கணக்கில் வாடகை மிதிவண்டி எடுத்தே ஓட்டிப் பழகினர். 1982ஆம் ஆண்டு தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி அறிமுகமாயிற்று. அதனையொட்டி வி.சி.ஆர். என்னும் கருவியும் பரவியது. அதனை வாங்க இயலாத குடும்பத்தார் ஓரிரவு வாடகைக்கு எடுத்து, அண்டை வீட்டாரையும் அழைத்துத் திரைப்படம் கண்டு மகிழ்ந்தனர்.

இன்று அதே வினா காணொளி விளையாட்டுக் கருவியைப் பற்றி எழுகின்றது. தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் இக்கருவியைக் கன்சோல் என்பர். வீட்டுப் பயன்பாட்டுக்கான முதற்கருவி 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் வெளியானபோது அதன் விலை 49,990 ரூபாய். வட்டு செருகும் வசதியில்லாத வகையின் விலை 39,990 ரூபாய். நடுத்தரக் குடும்பத்திற்கு இது சிறிய தொகையன்று. ஆகவே, பிள்ளைகள் கேட்டவுடன் வாங்கித் தருவதா, சில நாள் வாடகைக்கு எடுப்பதா, நண்பரிடம் இரவல் பெறுவதா என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து எண்ணிப் பார்த்தல் நன்று.

கணக்கு கூறும் உண்மை

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். கருவியின் விலை 50,000 ரூபாய் என்றும், மாத வாடகை 3,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வாங்கிய கருவியை மூன்று ஆண்டுகள் பயன்படுத்திய பின் 23,000 ரூபாய்க்கு விற்க முடியும் எனவும் கொள்வோம். அவ்வாறாயின் மூன்று ஆண்டுகளுக்கு ஆகும் உண்மைச் செலவு 27,000 ரூபாய். இஃது ஒன்பது மாத வாடகைக்குச் சமம். அதாவது ஆண்டுக்கு மூன்று மாத வாடகை.

கோடை விடுமுறையில் மட்டும், ஆண்டுக்கு இரண்டு மாதம், விளையாடும் குடும்பத்திற்கு மூன்று ஆண்டு வாடகை 18,000 ரூபாய்தான் ஆகும். அவர்களுக்கு வாடகையே இலாபம். ஆண்டுக்கு நான்கு மாதம் விளையாடினால் வாடகை 36,000 ரூபாயாகிவிடும். அவர்களுக்கு வாங்குவதே சிக்கனம். விலையும் வாடகையும் ஊருக்கு ஊர் மாறலாம். கணக்கிடும் முறை மாறாது. ஒரு நாள் வாடகை சிறியதாகத் தோன்றுவதால் மொத்தச் செலவும் சிறியது என்று எண்ணிவிடலாகாது.

விளையாட்டுகளின் விலை, இணையக் கட்டணம், மின்கட்டணம் ஆகியவை இருசாராருக்கும் பொதுவானவை. ஏறத்தாழ 200 வாட் மின்திறனில் இயங்கும் கருவி ஐந்து மணி நேரத்தில் ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவிடும்.

பணத்திற்கு அப்பால்

‘ஆசை அறுபது நாள்’ என்பது பழமொழி. புதுமை தீர்ந்தபின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பொருள்கள் பல வீடுகளில் உண்டு. வாடகைக்கு எடுப்பது அத்தகைய ஆசையைச் சோதித்துப் பார்க்கும் வழியாகும். அறுபது நாளுக்குப் பின்னும் விருப்பம் குறையவில்லையெனில், வாங்குவதைப் பற்றி அப்போது முடிவு செய்யலாம். திருப்பித் தரவேண்டிய நாள் குறிக்கப்பட்டிருப்பதால் விளையாட்டுக்கும் ஓர் எல்லை அமைகின்றது. தேர்வு நெருங்கும்போது கருவி வீட்டில் இராது.

எனினும் வாடகையில் குறைகளும் உண்டு. நல்ல கருவிகள் விடுமுறை நாள்களில் எளிதில் கிடைப்பதில்லை. விளையாடி எட்டிய நிலைகள் கருவியிலேயே பதிவாகியிருந்தால், கருவி திரும்பும்போது அவையும் போய்விடும். ‘வாடகை கொடுத்திருக்கிறோமே’ என்னும் எண்ணத்தால் உறக்கத்தையும் மறந்து விளையாடுவோரும் உளர். அத்தகையோருக்குச் சொந்தக் கருவியே அமைதி தரக்கூடும்.

இரவலும் நம்பிக்கையும்

விளையாட்டுப் பொருள்களை இரவல் தரும் வழக்கம் புதியதன்று. 1935ஆம் ஆண்டு, பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய காலத்தில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் பொம்மைகளை இரவல் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நூலகத்தில் நூல் எடுப்பதுபோலக் குழந்தைகள் பொம்மைகளை எடுத்துச் சென்று, விளையாடி, திருப்பிக் கொடுத்தனர். இன்று அந்நாட்டுப் பொது நூலகங்கள் பல காணொளி விளையாட்டு வட்டுகளையும் இரவல் தருகின்றன.

இரவல் கொடுக்கும் உரிமையை மக்கள் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதற்கு 2013ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்கான வட்டுகளை இரவல் கொடுப்பதற்கும் பிறருக்குக் கைமாற்றுவதற்கும் கட்டுப்பாடுகளை அறிவித்தது. பயன்படுத்துவோர் கடுமையாக எதிர்த்தனர். சூன் மாதத்திலேயே நிறுவனம் அக்கட்டுப்பாடுகளை விலக்கிக்கொண்டது. ஆயினும், இணையத்தின் வழியே பதிவிறக்கும் விளையாட்டை வட்டினைப்போல நண்பரின் கையில் கொடுக்க முடியாது. வட்டு செருகும் வசதியில்லாத கருவியை வாங்குவோர், விலை குறைவு என்பதுடன் இதனையும் கருத வேண்டும்.

சட்டத்தின் பார்வை

கருவியை வாடகைக்கு விடுவது வேறு. அதில் இயங்கும் விளையாட்டை வாடகைக்கு விடுவது வேறு. விளையாட்டு என்பது கணினி நிரல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, நிரலை வணிக நோக்கில் வாடகைக்கு விடும் உரிமை அதன் உரிமையாளருக்கே உண்டு. வாடகையின் முதன்மைப் பொருள் நிரல் அன்று எனில் இவ்விதி பொருந்தாது. இலாப நோக்கமற்ற நூலகங்களும் கல்வி நிறுவனங்களும் முறைப்படி பெற்ற படியை இலாபமின்றி இரவல் தருவது வணிக வாடகை ஆகாது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் கணினி மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடுத்தது. ஆனால் விளையாட்டுக் கருவிகளுக்குரிய விளையாட்டுகளுக்கு விலக்களித்தது. நாட்டுக்கு நாடு விதி வேறுபடுவதை இதனால் அறியலாம்.

கவனிக்க வேண்டியவை

வாடகைக்கு எடுப்போர் கருவியையும் கன்ட்ரோலரையும் கடையிலேயே இயக்கிப் பார்த்தல் வேண்டும். கருவியின் வரிசை எண், முன்பணம், திருப்பித் தரும் நாள், பழுதுக்குப் பொறுப்பாளர் யார் என்பவை இரசீதில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். திருப்பும் முன் தமது கணக்கிலிருந்து வெளியேறி, வங்கி அட்டை விவரங்களை நீக்கிவிட வேண்டும். அட்டை விவரம் கருவியில் தங்கிவிட்டால், அடுத்து எடுப்பவர் வாங்கும் விளையாட்டுக்கு முன்னவர் பணம் செலவாகலாம்.

இரவல் பெற்றோர்க்கு இரசீது இல்லை; அவர்தம் சொல்லே இரசீது. குறித்த நாளில் கொடுப்பதும், மற்றொருவருக்கு மறு இரவல் தராதிருப்பதும், நண்பர் சேமித்த நிலைகளை அழிக்காதிருப்பதும், பழுது நேர்ந்தால் மறைக்காமல் கூறுவதும் அவர்தம் கடமைகள். பழுதான கருவியைச் செப்பனிடலாம். முறிந்த நட்பைச் செப்பனிடுவது அரிது.

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பணியிட மாற்றம் பெறும் குடும்பத்திற்கு வாடகை பொருந்தலாம். உடன்பிறந்தார் பலர் ஆண்டு முழுதும் சேர்ந்து விளையாடும் வீட்டிற்குச் சொந்தக் கருவி பொருந்தலாம். அடுத்த வீட்டில் இருப்பது கொண்டு முடிவு செய்யாமல், தம் வீட்டின் வரவு, நேரம், தேவை ஆகிய மூன்றையும் எடைபோட்டு முடிவு செய்வதே அறிவுடைமை.

சொற்பொருள்

உடைமை – சொந்தப் பொருள்
இரவல் – திருப்பித் தருவதாகப் பெறுவது
பெருமந்தம் – வணிகமும் வேலையும் பெரிதும் குறைந்த நிலை
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுதி
செப்பனிடுதல் – பழுது நீக்குதல்

பயிற்சி

1. வாடகைக்கும் இரவலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. எடுத்துக்காட்டில் உள்ள குடும்பம் ஆண்டுக்கு மூன்று மாதம் மட்டும் விளையாடினால் எது சிக்கனம்? கணக்கிட்டு எழுதுக.
3. ‘அவர்தம் சொல்லே இரசீது’ – இத்தொடரின் பொருளை விளக்குக.
4. இரவல் பெற்ற பொருள் பழுதாகிவிட்டது எனக் கொண்டு, நண்பருக்கு ஒரு கடிதம் எழுதுக.