இரத்தத்திலிருந்து மூளைத் திசு: கொடுக்கலாமா?

பெரிய காஞ்சிபுரத்தில் ஜும்ஆ முடிந்து ஒரு சகோதரர் கேட்டார்: "ஹஸ்ரத், ஸ்டெம் செல் ஆய்வுக்குக் கருவைச் சிதைப்பார்களாமே, நாங்கள் இரத்தம் கொடுக்கலாமா?" அவர் வீட்டில் இருவருக்கு மனநோய்.

கரு இல்லாமலும் இது நடக்கிறது. 2006-ல் ஜப்பானின் ஷின்யா யாமனாகா எலியின் தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டினார். மறு ஆண்டு மனித செல்லையும். (2012-ல் நோபல் பரிசு.) பெங்களூரில் நிம்ஹான்ஸ், என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம் மூன்றும் சேர்ந்து, பலருக்கு மனநோயுள்ள குடும்பங்களிடம் இரத்தம் பெற்று, அதிலிருந்து நரம்பு செல்களை வளர்த்து ஆராய்ந்துள்ளன. உயிரோடிருப்பவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாதே!

ஆட்சேபணைக்குரிய கருச்சிதைவு இதில் இல்லை. விரும்பிக் கொடுப்பதில் தவறில்லை என்றோம். உடனே குணம் கிடைக்காது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் 'ஜின் சேட்டை' என்று இத்தனை காலம் மூடி வைத்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் அவர் தயங்கினார்.