இலேசான காரும் பொறுமையான கையும்

இங்கிலாந்தின் கிழக்குப் பாகத்தில் நார்ஃபோக் என்றொரு மாவட்டம் உண்டு. மேடு பள்ளம் அதிகமில்லாத அந்தச் சமவெளியில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது குண்டுவீச்சு விமானங்கள் ஏறி இறங்குவதற்கென்று போட்ட ஓடுபாதைகள், யுத்தம் முடிந்ததும் புல் முளைத்துக் கிடக்க வேண்டியவை, மோட்டார்ப் பிரியர்களின் கண்ணில் பட்டுக் கார் ஓட்டும் களங்களாக மறுபிறவி எடுத்தன. ஸ்நெட்டர்டன் பந்தயப் பாதை அப்படிப் பிறந்ததுதான். லோட்டஸ் கார்க் கம்பெனி 1966-இல் குடியேறிய ஹெதெல் கிராமத்து மைதானத்தின் பூர்வோத்தரமும் அதுவே. சென்னைக்கு வடக்கே சோழவரத்து யுத்தகால விமானத் தளத்தில் வெயிலில் நின்று கார்ப் பந்தயம் பார்த்த பெரியவர்களுக்கு இந்த வம்சாவளி புதிதாகத் தோன்றாது.

அந்த ஹெதெலிலிருந்து 1996-இல் விற்பனைக்கு வந்த கார்தான் லோட்டஸ் எலிஸ். கம்பெனித் தலைவராக அப்போதிருந்த ரொமானோ ஆர்ட்டியோலியின் பேத்தி எலிஸாவின் பெயரைத்தான் காருக்கு வைத்தார்கள். குழந்தையின் பெயரைத் தாங்கியதனாலோ என்னவோ, அதன் எடையும் குழந்தைத்தனமாகவே இருந்தது. சுமார் 725 கிலோ! சாதாரணக் குடும்பக் கார் பெரும்பாலும் ஆயிரம் கிலோவைத் தாண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் விசேஷம் விளங்கும். அலுமினியத்தை அச்சில் பிதுக்கி எடுத்த துண்டுகளை எபாக்ஸிப் பசையினால் ஒட்டிச் செய்த அடிச்சட்டம் 68 கிலோதான். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். நம் வீட்டுப் பீரோ இதைவிடக் கனம்.

லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் 1982-லேயே மறைந்துவிட்டார். ஆனாலும் எதையும் முதலில் எளிதாக்கி, அப்புறம் அதன் கனத்தைக் குறைக்க வேண்டும் என்று அவர் போதித்ததாகச் சொல்லப்படுகிற சித்தாந்தம் இந்தக் காரில் அப்படியே இறங்கியிருக்கிறது. ஸ்டியரிங்குக்கு யந்திர உதவி கிடையாது. எஞ்சின், ரோவர் கம்பெனியின் 1.8 லிட்டர் 'கே' வரிசை. அதன் சக்தி 118 குதிரைசக்திதான்.

இப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர்கள், விடுமுறை நாளில் கட்டணம் கட்டிப் பந்தயப் பாதைக்குள் கொண்டுபோய் ஓட்டுகிற வழக்கத்துக்கு டிராக் டே என்று பெயர். அது பந்தயமன்று, முந்துவதென்றால் நேர்ப்பாதையில், முன்னே செல்பவர் இடம் விட்ட பின்னரே முந்தலாம். காலையில் விதிகளைச் சொல்லி, ஹெல்மெட்டைப் பார்த்து, பல இடங்களில் புகைக்குழாயின் சப்தத்தைக்கூட அளந்த பிறகே உள்ளே விடுவார்கள். நம் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவைக்கருகே செட்டிபாளையத்திலும் இத்தகைய தினங்கள் நடப்பதுண்டு. சாதாரண இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் இதற்குச் செல்லாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பசையால் ஒட்டிய அடிச்சட்டம் நெளிந்தால் சூடு காட்டி வெல்டிங் வைத்து நிமிர்த்த இயலாது, முழுசாக மாற்றியாக வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். வேகமாக ஓடும் காரை நிறுத்துவதென்றால், அதன் வேகத்திலிருக்கும் சக்தி முழுவதையும் உஷ்ணமாக மாற்றிக் காற்றிலே விட்டாக வேண்டும். ஓட்டுபவரையும் சேர்த்து 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு ஒரு வளைவின் வாயிலில் பிரேக் போட்டால், காற்றின் தடை கொண்டுபோவதைச் சேர்க்காமல் பார்க்கையில், சுமார் இரண்டு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்கப் போதுமான உஷ்ணம் அந்தச் சில விநாடிகளில் பிரேக்கில் ஏறுகிறது. இதே காரியத்தை இரண்டு மடங்கு கனமுள்ள கார் செய்தால் நான்கு லிட்டர். இலேசான காருக்குச் சிறிய டிஸ்க்கும் சிறிய டயரும் போதுமாயிருப்பதன் சூட்சுமம் இதுவே. ஆனால் அடுத்த வளைவில் இன்னும் இரண்டு லிட்டர், அதற்கடுத்ததில் இன்னும் இரண்டு; இருபது நிமிஷ ஓட்டத்தில் அடுப்பு அணைவதே இல்லை.

நார்விச் நகரத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவர், முதல் வரிசை எலிஸ் ஒன்றை வாங்கிய புதிதில், இந்தக் கணக்கைப் படிக்காமலே களத்துக்குப் போனார். மூன்றாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சுத் தலையணையைப் போல் அமுங்கிப் பலகையைத் தொட்டது. கார் நிற்காமல் புல்லிலே கொஞ்ச தூரம் உலாவிவிட்டு வந்தது. பேடில் கோளாறில்லை, டிஸ்க்கில் கோளாறில்லை. பிரேக் எண்ணெய்தான் பழசு. அந்த எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிற சுபாவம் உடையது. டாட் 4 என்ற ரகம், புதிதாயிருக்கையில் 230 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்து கொதிக்கக் கூடாதென்பது விதி, ஈரமேறிய நிலையிலோ அந்த வரம்பு 155-ஆக இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், அமுங்கினால் பிரேக் இல்லை.

அன்று முதல், சீசன் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமையை அவர் இதற்கென்றே ஒதுக்கிவிட்டார். ஒரு முறை நானும் அவருடைய கொட்டகையில் உதவிக்கு இருந்தேன். உள்ளே உட்கார்ந்து அவர் "மிதி" என்றால் மிதித்து, "பிடி" என்றால் பிடித்து, "விடு" என்றால் விடுவதே என் உத்தியோகம். அவர் சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, கேலிப்பரின் நிப்பிளில் கண்ணாடி போன்ற குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு ஜாம் பாட்டிலில் விட்டு, ஸ்பேனரால் கால் சுற்று திறப்பார். முதலில் வடிந்தது டீத் தண்ணீர் நிறம். நடுவே கடுகளவு காற்றுக் குமிழ்கள் வரிசையாக ஓடின. போகப் போக நிறம் வெளிறித் தேன் போலாகி, கடைசியில் குமிழே இல்லாமல் வந்தது. என் காலடியில் பெடல் கல்லாக இறுகியதை அப்போதே உணர்ந்தேன். கொதிநிலை 300 டிகிரிக்கு மேற்பட்ட பந்தய எண்ணெயையே அவர் ஊற்றினார். ஒரு நல்ல டயரின் விலையோடு ஒப்பிட்டால் அது காசே அல்ல. எலிஸுக்குச் செய்யக்கூடிய அபிவிருத்திகளில் பிரதானமானது எதுவென்று யாரேனும் கேட்டால், தயக்கமின்றி இந்த ஜாம் பாட்டிலையே காட்டுவேன்.

இரண்டாவது கவலை தண்ணீர். எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், ரேடியேட்டர் காரின் மூக்கிலே. இடையே வண்டியின் நீளத்துக்குக் குழாய்கள் ஓடுகின்றன. 'கே' எஞ்சினோ, தலையிலிருந்து அடிவரை ஊடுருவும் நீண்ட போல்ட்டுகளால் அடுக்கடுக்காக இறுக்கிக் கட்டப்பட்டது; உள்ளே ஓடும் கூலன்ட் அளவும் கொஞ்சம்தான். கொஞ்சம் குறைந்தால்கூட ஹெட் கேஸ்கெட் போய்விடுமென்ற அபகீர்த்தி அதற்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கூலன்ட் மட்டத்தைப் பார்ப்பது எலிஸ்காரர்களுக்குச் சந்தியாவந்தனம் போன்ற நித்தியகர்மம். வேடிக்கை என்னவென்றால், ரேடியேட்டரை மாற்ற வேண்டுமானால் காரின் முன்பக்கக் கூடு முழுவதையும், அது ஒரே வார்ப்பாகையால், கழற்றி எடுக்க வேண்டும்! எடையைக் குறைத்த கைகள் மெக்கானிக்கின் வேலையைக் குறைக்க மறந்துவிட்டன என்று நண்பர் சபிப்பதுண்டு. எனினும் கூட்டைக் கழற்றிய அன்றே பழைய குழாய்களையும் கிளிப்புகளையும் மாற்றிவிடுகிறவர் புத்திசாலி.

டயருக்குச் சூடேறினால் காற்றழுத்தமும் ஏறும்; எனவே களத்திலிருந்து வந்தவுடனே அளந்து, தேவைக்கு இறக்க வேண்டும், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் மறக்காமல் ஏற்ற வேண்டும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிட்டு வருவதும், நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக் இழுக்காமல் கியரில் விடுவதும் காசு செலவில்லாத வைத்தியம். பின்வந்த இரண்டாம் வரிசைக் கார்களில், பின்சக்கரத்தின் திசையைப் பிடித்து வைக்கும் டோ லிங்க் என்ற சிறு தண்டு, பிடிப்பு மிகுந்த டயர்களோடு களத்தில் ஓடும்போது முறியக் கூடுமென்பதால், அதை வலுவான ஜோடியாக மாற்றாமல் உள்ளே போவது உசிதமன்று.

இதெல்லாம் செய்து முடித்தவருக்கு, அடுத்தாற்போல் வருவது குதிரைசக்தி ஆசை. ரோவர் எஞ்சினை இறக்கிவிட்டு, ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியுள்ள ஹோண்டா எஞ்சினை ஏற்றுவோர் இங்கிலாந்தில் ஏராளம். எனக்கு அதில் சம்மதமில்லை. சக்தி கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் பிரேக் பெரிதாக வேண்டும், பிரேக் பெரிதானால் சக்கரம் பெரிதாக வேண்டும். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட ஆரம்பித்து வீட்டை விற்ற கதையாக, வாங்கும்போதிருந்த இலேசு எங்கே போயிற்று என்று தேடும்படி ஆகிவிடுகிறது. அந்தப் பணத்தில் பாதியை நல்ல பிரேக் பேடுக்கும், சக்கரக் கோணங்களையும் நான்கு மூலைகளில் விழும் எடையையும் ஒருவர் சரி பார்த்துத் தருவதற்கும், மீதியைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்பிக்கும் ஆசிரியருக்கும் கொடுப்பதே என் அபிப்பிராயத்தில் முறையான வரிசை. என் நண்பரின் எலிஸில் இன்றும் அந்த 118 குதிரைசக்திதான். அவர் புல்லிலே உலாவச் செல்வது நின்றுவிட்டது.

2021-இல் எலிஸ் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இனி வாங்குகிறவர் பழைய வண்டியைத்தான் வாங்கியாக வேண்டும். அவர், எத்தனை குதிரைசக்தி என்று விசாரிப்பதற்கு முன், பிரேக் எண்ணெய் கடைசியாக மாற்றிய தேதியையும், ரேடியேட்டர் மாற்றிய ரசீதையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். ரசீதுக் கோப்பு இல்லாத வண்டியை, பெயின்ட் எவ்வளவு மினுக்கினாலும், அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்.