தோட்ட மக்களும் ஆராய்ச்சியறமும்

மருத்துவ ஆராய்ச்சிக்கு உட்படுவோரின் இசைவு அவர்தாமே உவந்து அளிப்பதாதல் வேண்டும் என்பதை 1964இல் எழுந்த ஹெல்சிங்கிப் பிரகடனம் வலியுறுத்திற்று. மக்கள் வாழ்வை ஆராயும் ஏனைத் துறைகளுக்கும் இவ்வறம் பொருந்தும். ஆயின் பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் இத்தகைய இசைவைப் பெறுதல் எளிதன்று. வேலையும் லயத்துக் குடியிருப்பும் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தைச் சார்ந்துள்ளன. துரையின் அனுமதியோடு வருவோரிடம் 'மாட்டேன்' என்று கூறத் துணிவார் யார்? அவ்வனுமதி தோட்டத்துள் நுழைதற்கு உரியதேயன்றித் தொழிலாளியின் இசைவாகாது.

கையொப்பமும் இங்கு வெறுஞ் சடங்கன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோருட் பலர் போதிய சான்றின்மையால் விலக்கப்பட்டனர். இறுதிவரை நாடற்றவராய் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் வழி பிறந்தது. ஆதலின், தாளில் ஒப்பமிடத் தொழிலாளி தயங்குவது அறியாமையன்று, பட்டறிவே.

தென்னாபிரிக்கத் தொல்குடியினராகிய சான் மக்கள், தம்மை ஆராய வருவோர்க்கென 2017இல் தாமே ஒரு நெறிமுறை வகுத்தனர். மதிப்பு, நேர்மை, நீதி, பரிவு என்பன அதன் அடிப்படைகள். 2005இல் பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் முதலிய நிலையங்கள் தோட்டங்களுக்கென நெறி வகுக்குங்கால், கொழுந்து பறிக்கும் பெண்களும் தொழிற்சங்கத்தாரும் கோயிற் சபையாரும் அவ்வவையில் இடம்பெறல் வேண்டும். விளக்கம் தமிழில் அமைதல், கங்காணியும் கணக்கப்பிள்ளையும் இல்லாவிடத்து உரையாடல் நிகழ்தல், மறுத்தோர்க்கு இடர் நேராமை, முடிபுகளை லயத்திற்கே வந்து கூறுதல் என்னும் நான்கும் அந்நெறிக்கு இன்றியமையாதன.

பெற்ற செய்தியின் பயனை மீட்டுத் தராத ஆராய்ச்சி, கொழுந்தை நிறுத்துக்கொண்டு கூலி கொடாத கணக்கை ஒக்கும்.