காற்று தீர்ந்தாலும் சக்கரம் இறங்க வேண்டும்

டர்பைன் பொருத்திய மாடல் ஜெட்டில் ஒரு பக்கச் சக்கரம் இறங்காமல் போனால், இறக்கை உரசுவதோடு முடியாது. உரசிய பக்கமாக விமானம் திரும்பி ஓடும். அங்கே ஆட்கள் நிற்கலாம். உள்ளே மண்ணெண்ணெய், கொதிக்கும் டர்பைன், வெளியே காய்ந்த புல். கைக்கெட்டும் தூரத்தில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இல்லாமல் இன்ஜினைக் கிளப்பவே கூடாது. இவ்வளவுக்கும் தேய்ந்த ஓ-ரிங் ஒன்று போதும்.

சக்கரத்தை இயக்க, சிறு டேங்கில் சுமார் 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை அடைத்து வைக்கிறோம். வால்வு அதைச் சிலிண்டருக்குள் பிஸ்டனின் ஒரு பக்கம் விட்டால் சக்கரம் மடங்கும், மறுபக்கம் விட்டால் இறங்கும். பெரும்பாலான மாடல்களில் பறக்கும்போது டேங்கை நிரப்ப வழியில்லை.

பலர் ஏமாறுவது இங்கேதான். சக்கரம் இறங்கிய நிலையில் டேங்கின் அழுத்தம் காட்டும் கேஜ் முள் அசையவில்லை என்றதும் பறக்கவிடுகிறார்கள். அப்போது மடக்கும் டியூபில் அழுத்தமே இல்லை. அதிலுள்ள கசிவு வானத்தில்தான் வேலையைக் காட்டும். ஆகவே விமானத்தை ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தை மடக்கியும் அரை மணி நேரம் கேஜைக் கவனியுங்கள். முள் இறங்கினால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வரவில்லையா? சிலிண்டரில் அழுத்தமில்லாத பக்கத்து டியூபைக் கழற்றி அந்தத் துளையில் நுரை வையுங்கள். அங்கே குமிழி கிளம்பினால் பிஸ்டன் ஓ-ரிங் போய்விட்டது. இல்லாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம்.

டியூபை பிளேடால் கீறிக் கழற்றாதீர்கள். நிப்பிளில் விழும் மெல்லிய கீறலே காற்றுக்குப் போதுமான வழி. திரும்ப மாட்டும் முன், விரிந்துபோன முனையை நேராக வெட்டி எறிந்துவிடுங்கள்.

கசிவை அடைப்பதைவிட ஒன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: காற்று தீர்ந்தாலும் ஸ்பிரிங் விசையில் தானே இறங்கும் லேண்டிங் கியரையோ, அழுத்தம் குறைந்ததும் தானாக இறக்கிவிடும் மின்னணு வால்வையோ வாங்குங்கள். கூடுதல் செலவுதான், தயங்க வேண்டாம்.

பொருளிலேயே குறை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாற்றுப் பொருளோ பணமோ கேட்கலாம். இந்த கியர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. "கம்பெனியிடம் கேளுங்கள்" என்று விற்றவர் கைவிரித்தால் விட்டுவிடாதீர்கள். தயாரிப்பாளர் இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவர் என்றால், குறையுள்ள பொருளால் ஒருவருக்கு ஏற்படும் காயத்துக்கும் பிற உடைமைச் சேதத்துக்கும் விற்றவரையே பொறுப்பாக்குகிறது பிரிவு 86. முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும்.

ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ, அந்தப் பொறுப்பிலிருந்து விற்றவர் விலகிக்கொள்ள பிரிவு 87 இடம் தருகிறது. எனவே உத்தரவாதக் காலத்தில் சிலிண்டரை நீங்களே பிரிக்க வேண்டாம். பார்சல் வந்த அன்றே, விமானத்தில் பொருத்தும் முன், மேசையில் வைத்துக் காற்றேற்றி, கேஜ் தெரியும்படி வீடியோ எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள்.