இலவச விளையாட்டின் மின்சாரக் கணக்கு

காலையில் நூறு சதவிகிதம் நிரப்பிக்கொண்டு கிளம்பிய கைபேசி, மாலை விளக்கேற்றும் நேரத்துக்குள் பிராணனை விடும் நிலைக்கு வந்துவிடுகிறது என்று அங்கலாய்க்காத வீடு இன்று அபூர்வம். பாட்டரி பழசாகிவிட்டது என்பார் ஒருவர். கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்பார் இன்னொருவர். பையன் ஓயாமல் விளையாடுவதுதான் காரணம் என்று தாயார் தீர்ப்புக் கூறுவார். பையனோ, "பத்து நிமிஷந்தானே விளையாடினேன்!" என்று சாதிப்பான். இந்த வழக்கில் பையன் கட்சியிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவன் ஆடிய ஆட்டம் உண்ட மின்சாரத்தைவிட, அந்த ஆட்டத்தின் ஓரத்தில் மாறி மாறித் தோன்றிய விளம்பரம் உண்டது அதிகமாக இருந்திருக்கலாம்.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்திலுள்ள பர்டியூ சர்வகலாசாலையைச் சேர்ந்த அபிநவ் பாதக், சார்லி ஹூ என்ற இருவரும், மைக்ரோஸாப்ட் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த மிங் ஜாங்கும் 2012-ம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நம் வீட்டு வாசலிலுள்ள மின்சார மீட்டர் மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். விளக்குக்கு எவ்வளவு, விசிறிக்கு எவ்வளவு என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. கைபேசியும் அப்படியே, இன்ன செயலி இவ்வளவு தின்றது என்று காட்டுமேயல்லாமல், அந்தச் செயலிக்குள் எந்த வேலை தின்றது என்று காட்டாது. அந்த உட்கணக்கைப் பிரித்துக் காட்டும் 'ஈப்ராப்' என்ற கருவியை இம்மூவரும் அமைத்தார்கள்.

கணக்கு வெளிவந்தபோது பலரும் திடுக்கிட்டார்கள். சோதித்த இலவசச் செயலிகளில் 65 முதல் 75 சதவிகிதம் வரையில் மின்சக்தி, விளம்பரக் கம்பெனிகளின் நிரல்களுக்கே செலவாகியிருந்தது. அக்காலத்தில் உலகெங்கும் குழந்தைகளை மயக்கி வைத்திருந்த 'ஆங்ரி பேர்ட்ஸ்' என்னும் பறவை விளையாட்டில், விளையாட்டுக்கென்று செலவானது சுமார் 20 சதவிகிதந்தான். ஆடுகிறவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று துப்பறிவதற்கும், அதைத் தலைமையிடத்துக்குத் தெரிவித்து விளம்பரத்தை வாங்கி வருவதற்கும் 45 சதவிகிதம்!

மைக்ரோஸாப்ட் அச்சமயம் கைபேசித் துறையில் கூகிளுக்குப் போட்டியாக நின்ற கம்பெனி என்பதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். தவறில்லை. ஆனால் பின்னால் வேறு இடங்களில் நடந்த ஆராய்ச்சிகளும் அதே திசையைத்தான் காட்டின. அவற்றுக்குப் போகுமுன், இத்தனை சிறிய படத்துக்கு இத்தனை பெரிய தீனி ஏன் என்ற கேள்விக்கு விடை காணவேண்டும்.

செயலியைச் செய்கிறவர் விளம்பரத்தைத் தாமே தயாரிப்பதில்லை. விளம்பரக் கம்பெனி ஆயத்தமாக வைத்திருக்கும் நிரல் துண்டு ஒன்றைத் தம் செயலிக்குள் வைத்துத் தைத்துவிடுகிறார். அத்துண்டு, அரை நிமிஷத்துக்கோ ஒரு நிமிஷத்துக்கோ ஒரு முறை வெளியுலகத்தைத் தொடர்புகொண்டு புது விளம்பரம் கொண்டு வருகிறது. கொண்டு வருவது சின்னஞ்சிறு படந்தான். ஆனால் அதற்காகக் கைபேசிக்குள் உறங்கிக்கொண்டிருந்த ரேடியோப் பகுதி எழுந்து, தூரத்திலுள்ள கோபுரத்துடன் பேசவேண்டும். பேச்சு முடிந்தவுடன் அது உடனே உறங்கிவிடுவதும் இல்லை. இன்னும் ஏதாவது செய்தி வருமோ என்று சில விநாடிகள் விழித்தபடியே காத்திருக்கிறது. காத்திருக்கும் அந்த நேரமும் செலவுதான்.

ஒரு தம்ளர் காப்பிக்காகக் கரியடுப்பை மூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பி இறங்கிவிட்டது, அடுப்போ இன்னும் எரிகிறது. பத்து விருந்தினர் ஒன்றாக வந்தால் அதே நெருப்பில் பத்துத் தம்ளரும் தயாராகிவிடும். ஒவ்வொருவராக, அடுப்பு அணைந்த பிறகு வந்து சேர்ந்தால், கரி மூட்டை என்ன ஆகும் என்பதை வீட்டுத் தலைவிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அமெரிக்காவிலே ஆம்ஹர்ஸ்ட் நகரிலுள்ள மாஸசூசெட்ஸ் சர்வகலாசாலையார் 2009-ல் இதை அளந்து பார்த்தார்கள். அப்போதைய 3ஜி இணைப்பில் சாதாரணமாகச் செய்தி வாங்கும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய 60 சதவிகிதம், செய்தி வந்து சேர்ந்த பிறகு காத்திருப்பதிலேயே வீணாயிற்று. காத்திருந்த நேரம் 12 விநாடிக்குச் சற்று அதிகம். பள்ளிக்கூடத்துக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்: அரை நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம் என்றால் மணிக்கு 120, தடவைக்கு 12 விநாடி வீதம் 1,440 விநாடி, அதாவது 24 நிமிஷம். ஒரு மணி நேர ஆட்டத்தில் 24 நிமிஷம் ரேடியோ சும்மா கொட்டக் கொட்ட விழித்திருக்கிறது! இன்றைய 4ஜி, 5ஜி இணைப்புகளில் இந்த அளவு மாறுபடும். காத்திருக்கும் வழக்கம் மட்டும் ஒழிந்துவிடவில்லை.

அப்படியானால் பத்து விளம்பரங்களை ஒரே தடவையில் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன? மைக்ரோஸாப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் இதையே யோசித்தார்கள். விளம்பரச் செலவைப் பாதிக்குமேல் குறைக்க முடியும் என்றும் கண்டார்கள். ஆனால் ஒரு சங்கடம். விளம்பரம் என்பது அந்தந்தக் கணத்தில் ஏலம் போகிற சரக்கு. பத்தை வாங்கி வைத்தபின் ஆடுகிறவர் இரண்டாவதோடு எழுந்து போய்விட்டால், மிச்சம் எட்டுக்கும் யார் பணம் கொடுப்பது? எத்தனை விருந்தினர் வருவார்கள் என்று தெரியாமல் உலை வைக்கிற கதைதான்.

2015-ல் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும் வேறு சிலரும் 21 செயலிகளை எடுத்துக்கொண்டு, விளம்பரத்தோடு ஒரு முறையும் விளம்பரத்தை நீக்கி ஒரு முறையும் ஓட்டிப் பார்த்தார்கள். விளம்பரம் இருந்தபோது மின்சக்திச் செலவு சராசரி 16 சதவிகிதம் கூடிற்று. இணைய டேட்டாவோ 79 சதவிகிதம் கூடிற்று. 2012-ல் கண்ட எண்களோடு பார்க்க 16 சிறிதாகத் தோன்றும். செயலிகள் வேறு, கைபேசிகள் வேறு, அளந்த முறையும் வேறு. இரண்டில் எதையாவது எல்லாச் செயலிக்கும் பொதுவான விதியாகக் கொள்வது சரியாகாது. தானே ஏராளமாகத் தின்னும் பெரிய ஆட்டங்களில் விளம்பரத்தின் பங்கு சிறுத்தே இருக்கும்.

இவையெல்லாம் யோக்கியமான விளம்பரங்களைப் பற்றியவை. திருட்டு விளம்பரமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாமலே பின்னணியில் விளம்பரப் படங்களை ஓட்டி, மாதம் 10 ஜிபிக்கு மேல் டேட்டாவை விழுங்கக்கூடிய ஒரு மோசடியை ஆரக்கிள் கம்பெனி 2019 பிப்ரவரியில் அம்பலப்படுத்தியது. ஆண்ட்ராய்டு செயலிகள் பலவற்றுக்குள் அது குடியேறியிருந்தது.

செயலியைச் செய்தவரும் பிழைக்கவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலைச்சீட்டில் ஒரு பூஜ்யத்தைப் போட்டுவிட்டு, விலையை வேறு வழியில் வசூலிப்பதைத் தானம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பாட்டரி நிரம்பி வழியும் குடமன்று; ஒவ்வொரு தடவை காலியாகி நிரம்பும்போதும் அதன் ஆயுளில் கொஞ்சம் கழிகிறது. ஐபோன் 14 வரையிலான மாதிரிகளின் பாட்டரி, முழுதாக 500 தடவை நிரப்பியபின் பழைய கொள்ளளவில் 80 சதவிகிதத்தை வைத்திருக்கும்படி அமைந்தது என்று ஆப்பிள் கம்பெனியே சொல்லுகிறது. பிறகு புது பாட்டரிக்கு நாம்தான் பணம் கொடுக்கிறோம். அதற்கு முன்பே, ஆஸ்பத்திரியிலிருந்தோ ஊரிலிருந்தோ அவசரமாக அழைக்கும் வேளையில் கைபேசி கண்ணை மூடிவிடுவதும் உண்டு.

வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு நாள் அரை மணி நேரம் வழக்கம்போல் ஆடவிட்டு எத்தனை சதவிகிதம் குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே ஆட்டத்தை, அதே வெளிச்சத்தில், விமானப் பயணத்துக்கென்று உள்ள 'ஏரோப்ளேன் மோட்' என்னும் பொத்தானைத் தட்டிவிட்டு ஆடச் செய்யுங்கள். வித்தியாசம் கணிசமாயிருந்தால், விளம்பரமில்லாத பதிப்பைக் காசு கொடுத்து வாங்குவது லாபமா என்று யோசிக்கலாம். இணைப்பு இல்லாவிட்டால் ஆடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் விளையாட்டுகளும் இருக்கின்றன. அவற்றை வெளியூர்ப் பிரயாணத்தில் திறக்காமல், வீட்டிலுள்ள வைபை இணைப்பில் வைத்துக்கொள்வது மேல். அங்கே ரேடியோவுக்குக் கோபுரம் வரையில் கூவவேண்டிய வேலை இல்லை.