நடுங்கும் கரங்களும் நலியும் அணுக்களும்

1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில், குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி நடுங்கும் கையோடு சுடரேற்றினார். பார்க்கின்சன் நோய் அவரிடம் 1984இல் கண்டறியப்பட்டிருந்தது. களத்தில் உலகை வென்ற அக்கரங்களை நடுங்கச் செய்தது எது? அதற்கான விடை மூளையின் ஆழத்தில் உள்ளது.

தமிழில் நடுக்குவாதம் எனப்படும் இந்நோயை, 1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஒரு சிறுநூலில் விரித்துரைத்தார். ஓய்விலிருக்கும் கை நடுங்குதல், தசை இறுக்கம், இயக்கத் தளர்ச்சி ஆகியன இதன் முதன்மையான அறிகுறிகள்.

நடுமூளையில் 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' எனப்படும் கருநிறப் பகுதி உண்டு. அதன் நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து நம் அசைவுகளைச் சீராக்குகின்றன. இந்நோயுற்று இறந்தோரின் மூளையில் டோபமின் பெரிதும் குறைந்திருப்பதை, 1960இல் வியன்னாவில் ஏரிங்கரும் ஹோர்னிகிவிச்சும் கண்டறிந்தனர். பின்னர் வந்த லெவோடோபா மருந்து அக்குறையை ஈடுசெய்கிறது. எனினும் அணுக்களின் அழிவை அது நிறுத்துவதில்லை.

இவ்வணுக்கள் எளிதில் மடிவது ஏன்? இவை புறத்தூண்டுதல் இன்றியே இரவும் பகலும் மின்துடிப்பை எழுப்புபவை. துடிக்குந்தோறும் கால்சியம் உட்புகுகிறது. அதனை வெளியேற்ற ஆற்றல் செலவாகிறது. ஓரணுவே இலட்சக்கணக்கான இணைப்புகளையும் பேணவேண்டும். சில அணுக்கள் மடிந்ததும் எஞ்சியவை அவற்றின் சுமையையும் ஏற்கின்றன. ஆதலின் ஏறத்தாழப் பாதி அணுக்கள் அழியும்வரை நோய் வெளித்தெரிவதில்லை.

அம்மிகையுழைப்பே அழிவுக்கும் வழிகோலுமோ? சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டன் ஆய்வு நிறுவனத்தார் எலிகளில் இவ்வணுக்களை இடையறாது தூண்டினர். சில நாள்களில் கிளைகள் சிதையத் தொடங்கின. ஒரு திங்களில் அணுக்களே மடியலாயின. 2025இல் வெளியான இவ்வாய்வு ஐயத்தை வலுப்படுத்துகிறது. மனிதரிடம் இதனை உறுதிசெய்ய மேலும் ஆய்வு தேவை.

ஆகவே, கையெழுத்துச் சிறுத்தல், நடக்கையில் ஒரு கை வீசாமை, முகத்தில் உணர்ச்சி குன்றுதல் ஆகியவற்றை 'வயதாகிவிட்டது' என ஒதுக்காமல் நரம்பியல் மருத்துவரை நாடுதல் வேண்டும். மருந்தைத் தாமாகவே திடீரென நிறுத்துதல் பெருங்கேடு. மருத்துவர் அறிவுரைப்படி செய்யும் உடற்பயிற்சி நன்மை தரும்.

சட்டைப் பொத்தானைப் பூட்டத் தடுமாறும் பெரியவரிடம் பொறுமை காட்டுதல் இளைஞர் கடமை. அத்தாமதம் சோம்பலால் வருவதன்று. நெடுங்காலம் ஓயாது உழைத்த அணுக்களின் நலிவால் வருவது.